‘ஏதோ’ பாடுகிறாரா உங்கள் அப்பா?

கேள்வி: திருகோணமலை, உவர்மலையில் வசிக்கிறேன். வயது 42, தமிழ் விரிவுரையாளர். இடைக்காலக் காப்பியங்களில் சங்க இலக்கிய மரபு எப்படித் தொடர்கிறது என்பதே பதினைந்து ஆண்டுகளாக என் ஆய்வு. ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுப் புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது. ஆறு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். அம்மா இல்லை. அப்பா முன்பு கோவிலில் புராணம் படித்தவர். இப்போது கண் மங்கிவிட்டது. மாலையில் விறாந்தையில் ஏதோ பாடிக்கொண்டிருப்பார். கனடாவிலுள்ள அண்ணா, ‘ஆள் வைத்துப் பார்க்கலாம், நீ போ’ என்கிறார். போகலாமா?

பதில்: போவது இருக்கட்டும். அது என்ன ‘ஏதோ’? உங்கள் மாணவி ஒருத்தி ‘கச்சியப்பர் ஏதோ பாடியிருக்கிறார்’ என்று ஆய்வேட்டில் எழுதினால் சும்மா விடுவீர்களா?

கோவிலில் படித்தவர் என்றால் பெரும்பாலும் அந்தக் கச்சியப்பர் பாடிய கந்தபுராணமாகத்தான் இருக்கும். ஆறு காண்டம், 10,345 பாட்டு. ஒருவர் இராகத்தோடு படிக்க, மற்றவர் பயன், அதாவது பாட்டின் பொருள், சொல்வார். பயன் சொல்லும் வாயில் குறள் வரும், தேவாரம் வரும். எந்த இடத்தில் எதை எடுத்துச் சொல்வது என்பது அச்சில் இல்லை. கூட இருந்து கேட்டவர்களின் நெஞ்சில்தான் இருக்கிறது. கோதாவரியைச் ‘சான்றோர் கவி’ என்ற கம்பன், அந்த ஆற்றுக்குள் சங்கப் பாட்டின் ஐந்திணையையும் ஓடவிட்டதை வகுப்பில் எத்தனை முறை விளக்கியிருப்பீர்கள்! பழையதைப் புதியதற்குள் வைக்கும் அந்த வித்தை உங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து ஆண்டில் ஒருநாளாவது பக்கத்தில் இருந்து கேட்டீர்களா? கேட்டவர் ‘ஏதோ’ என்று எழுதமாட்டார்.

நான் பழைய ஆள். பெற்றவருக்குக் கண் மங்கினால் பிள்ளைகளில் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பவன். அது மகளாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வைக்கும் ஆள் சோறு கொடுப்பார், மருந்து கொடுப்பார். அடுத்த அடி மறந்து அப்பா தடுமாறும்போது எடுத்துக்கொடுக்க அவரால் முடியுமா? அண்ணாவிடம் பணம் கேட்காதீர்கள், ஆளைக் கேளுங்கள். ஓர் ஆண்டு அவர் வந்து இருக்கட்டும், மறு ஆண்டுக்கு இருவரும் பேசி வழி காணுங்கள். அவர் மறுத்தால் நீங்கள் போகக்கூடாது என்பதே என் பதில். கசக்கும், தெரியும்.

ஆறு வாரம் இருக்கிறதல்லவா? இன்று மாலையே கைபேசியில் பதிவை ஓடவிட்டு அவர் காலடியில் உட்காருங்கள். பாடம் பிழைத்தாலும் இடையில் திருத்தாதீர்கள், பிள்ளை. பாடி முடித்ததும் பயன் கேளுங்கள்.