எந்த ஆன்ட்டியைப் பிடிச்சிருக்கு?

வணக்கம் ஐயா,

விடுமுறையில் என் ஒன்பது வயது மகளுக்கு டிஸ்னியின் ‘தி பேரன்ட் ட்ராப்’ (1961) படத்தைப் போட்டுக் காட்டினேன். கோடை முகாமில் தற்செயலாகச் சந்திக்கும் இரட்டைப் பெண்கள், ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போய், பிரிந்துபோன அம்மா அப்பாவைச் சேர்த்துவைக்கும் கதை. கண் கொட்டாமல் பார்த்தாள். மறுநாள் அதன் இரண்டாம் பாகத்தைத் தேடிப் பிடித்தேன். 1986இல் தொலைக்காட்சிக்கென்றே எடுத்த படம், முதல் படத்தில் இரட்டையர் இருவராகவும் நடித்த அதே ஹேலி மில்ஸ். பாதியில், “அம்மா, அந்த அங்கிளுக்கு எந்த ஆன்ட்டியைப் பிடிச்சிருக்கு?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து விளையாடப் போய்விட்டாள். எனக்கும் பெரிய ஏமாற்றம். டிவி படம், செலவு குறைவு என்பதாலா? இல்லை, ஆள்மாறாட்டக் கதையே பழசாகிவிட்டதா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்தப் படத்தின் கோளாறு எதுவோ, அதன் மேலேயே உங்கள் மகள் விரலை வைத்துவிட்டாள். அவளை அழைத்து நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள்.

இந்தக் கதை டிஸ்னியுடையது அல்ல. எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளருடையது. 1933இல் நாஜிகள் பெர்லினில் அவர் புத்தகங்களைத் தீயில் போட்டபோது, கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தவர் அவர். இரட்டையர் கதையை முதலில் திரைக்கதையாக யோசித்தார். போர் முடிந்த பிறகு, 1949இல் அது சிறுவர் நாவலாக வந்தது. வியன்னாவில் அப்பாவோடு வளரும் லூயிஸ், மியூனிக்கில் அம்மாவோடு வளரும் லோட்டே. ஒருத்திக்குச் சுருள்முடி, மற்றவளுக்கு இரட்டைப் பின்னல். வீட்டில் யார் யார், எது எங்கே இருக்கும் என்று இருவரும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்கிறார்கள்.

அதற்குப் பிறகு வரும் ஒரு காட்சிக்காகவே அந்த நாவலை நான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். லூயிஸுக்கு இனிப்பு வைத்துச் சுருட்டிய பலாச்சிங்கன் என்ற மெல்லிய அப்பம் என்றால் உயிர். வியன்னாவில் இம்பீரியல் ஓட்டலில் அப்பாவோடு உட்கார்ந்து அதைத்தான் சாப்பிடுவாள். இப்போது அந்த நாற்காலியில் லோட்டே. அவளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் எதிரே அப்பா. நினைவு தெரிந்து அவள் முதன்முதலாகப் பார்க்கும் அப்பா. விழுங்குகிறாள். மியூனிக்கில் அதே சமயம், அடுப்படியே அறியாத லூயிஸ் அம்மாவுக்குச் சமைக்கத் திணறிக்கொண்டிருக்கிறாள், ஏனென்றால் லோட்டேதான் அந்த வீட்டில் சமைக்கிற பிள்ளை. அக்கா தங்கை இருவரும் முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. மற்றவள் சுமந்ததையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. வேலைக்குப் போகும் அம்மாவின் களைப்பு என்ன என்று லூயிஸுக்கும், அப்பா யாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார் என்று லோட்டேக்கும் அப்போதுதான் தெரிகிறது.

1961 படத்துக்கும் இது தெரிந்திருந்தது. கலிஃபோர்னியாவில் வளர்ந்த சூசன், தன் இரட்டைச் சகோதரி ஷரோனின் பெயரில் பாஸ்டன் வீட்டுக்குள் நுழைந்து தாத்தாவைக் கட்டிக்கொள்ளும் இடத்தை உங்கள் மகளோடு இன்னொரு முறை பாருங்கள். அவர் கோட்டில் முகத்தைப் புதைத்து மோந்து பார்க்கிறாள். புகையிலையும் பெப்பர்மின்ட்டும் கலந்த வாசனை. என்ன செய்கிறாய் என்று அவர் கேட்க, பெரியவளான பிறகும் நினைவில் இருக்கட்டும் என்று சேர்த்துவைப்பதாகச் சொல்கிறாள். அவருக்கு அது பேத்தியின் செல்லம். அவளுக்கோ இத்தனை வருடம் இல்லாமல் போன தாத்தா. இரண்டு ஹேலி மில்ஸை ஒரே காட்சியில் நிறுத்த சோடியம் விளக்கெல்லாம் வைத்துப் பாடுபட்டார்கள். அந்தத் தந்திரம் எதுவும் எனக்கு இந்த ஒரு அணைப்பு அளவுக்கு ஒட்டவில்லை.

இப்போது 1986க்கு வருவோம். ஷரோன் விவாகரத்தாகி ஃப்ளோரிடாவின் டாம்பாவில் மகள் நிக்கியோடு இருக்கிறாள். நிக்கியும் தோழி மேரியும் சேர்ந்து, ஷரோனையும் மேரியின் அப்பாவையும் ஜோடி சேர்க்கத் திட்டம் போடுகிறார்கள். அதற்காக சூசனை வரவழைக்க, அவள் ஷரோனாக நடித்து அந்த மனிதரோடு பழகுகிறாள். அவருக்கு மனதில் ஆசை வளர்கிறது. யார்மேல்? பேசியது சூசன், சிரித்தது சூசன், பெயர் மட்டும் ஷரோன். உங்கள் மகள் கேட்டது இதைத்தான். படத்திடம் இதற்கு உருப்படியான பதில் இல்லை. தங்கை பேசிப் பழகிய மனிதரை அக்காவுக்குக் கட்டிவைப்பதை இனிமையான முடிவு என்று குழந்தைகளிடம் சொல்வது எனக்கு ஏற்பில்லை. அதைவிடப் பெரிய குறை, இந்த மாறாட்டத்தில் எந்தக் குழந்தையும் வேறு வீட்டில் போய் வாழவில்லை என்பது. சிறுமிகள் ஓரமாக நின்று பெரியவர்களை நகர்த்துகிறார்கள். யாருக்கும் தொண்டையில் எதுவும் சிக்குவதில்லை.

ஹேலி மில்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து வந்தும் இரண்டு பெண்களையும் நடையிலேயே பிரித்துக் காட்டுகிறார். படத்தை ஒளிபரப்பிய டிஸ்னி சேனல், அப்போது தனிக் கட்டணம் கட்டிப் பார்க்கும் சேனல், 1983இல்தான் தொடங்கியிருந்தது. தெரிந்த தலைப்புக்கு ஆள் வரும் என்று நினைத்திருப்பார்கள். 1989இல் மட்டும் இன்னும் இரண்டு பாகங்கள் எடுத்தார்கள். மூன்றாவதில் இரட்டையரோடு நிற்காமல் ஒரே பிரசவத்துச் சகோதரிகள் மூவர்.

செலவு காரணமா என்று கேட்டீர்கள். இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். இதே கதையை 1965இல் ஏவி.எம். ‘குழந்தையும் தெய்வமும்’ என்று எடுத்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். கறுப்பு வெள்ளைப் படம், முகாமும் ஏரியும் தந்த ஹாலிவுட் பளபளப்பு எதுவும் கிடையாது. ஆனால் குட்டி பத்மினி அந்த இரண்டு பிள்ளைகளாக நிற்கும்போது, கோழி ஒரு கூட்டில், சேவல் ஒரு கூட்டில் என்ற அந்தப் பாட்டு வரும்போது, நடுவில் தவிக்கிற குஞ்சுகள் யார் என்று எந்தக் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. கதையும் பழசாகவில்லை. 1998இல் லிண்ட்சே லோஹனை வைத்து மறுபடி எடுத்தபோது குழந்தைகள் மறுபடி கூடினார்கள், காரணம் அதில் மகள்கள்தான் வீடு மாறினார்கள்.

தமிழ்ப் படத்தை மகளுக்குக் காட்டுங்கள். அவள் பாதியில் ஏதாவது கேட்டால், படத்தை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.