ரெண்டு மாசம் சும்மா கெடந்த எங்க வள்ளத்தோட 9.9 எச்பி மண்ணெண்ணெய் அவுட்போர்டு (பின்னாடி மாட்டுற) எஞ்சின் ஸ்டார்ட் ஆகல, மெக்கானிக் வர்றதுக்குள்ள நானே என்ன பாக்கலாம்?

முதல்ல அந்த ஸ்டார்ட் பண்ற கயித்த விடுங்க. "இழுத்து இழுத்து தோள் போச்சு, உறுமக்கூட மாட்டேங்குது"ன்னு எழுதியிருக்கீங்க, பத்து இழுப்புல எடுக்காதது அம்பதாவது இழுப்புலயும் எடுக்காது, சோக்க (காத்தக் குறச்சு பெட்ரோல அதிகமா விடுற குமிழ்) இழுத்து வெச்சுட்டு கயித்த இழுக்க இழுக்க பெட்ரோல் உள்ள போய், பொறி விடுற ஸ்பார்க் பிளக் நனைஞ்சு இன்னும் மோசமாத்தான் ஆகும்.

எங்க வீட்ல குளச்சல் பக்கம் வள்ளம் இருந்துச்சு, உங்கள மாதிரியே 9.9 எச்பி. நான் மொத மொத தனியா எஞ்சின் பக்கம் உக்காந்த அன்னைக்கு, கரைய விட்டுக் கெளம்பி பத்து நிமிஷம் நல்லா ஓடிட்டு அப்படியே மூச்சு வாங்கி நின்னுடுச்சு. நான் பாட்டுக்கு இழுக்குறேன், சித்தப்பா முன்னாடி வலைய ஒதுக்கிட்டே "ஏ மக்கா, டியூப்ப பாரு"ன்னாரு. டியூப் நடுவுல இருக்குற ரப்பர் பம்ப் சப்பிப் போட்ட மாங்கொட்ட மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு. டேங்க் மூடியில இருக்குற காத்து ஸ்க்ரூவ நான் திறக்கவே இல்ல. காத்து உள்ள போகலன்னா எண்ணெ (பெட்ரோலோ மண்ணெண்ணெயோ) வெளிய வராது, அவ்ளோதான். அதுனால இத மொதல்ல பாருங்க, கூடவே கியர் நியூட்ரல்ல இருக்கா, ஆள் விழுந்தா எஞ்சின நிறுத்துற சிவப்புச் சுருள் கயிறு மாட்டுற மாடல்னா அந்த கிளிப் சுவிட்ச்ல சரியா உக்காந்திருக்கா. சிரிக்காதீங்க, இந்த கிளிப்ப மறந்துட்டு மெக்கானிக்குக்கு காசு குடுத்தவங்க நெறய பேர்.

இதெல்லாம் சரின்னா பிளக்க கழத்துங்க. ரெண்டு சிலிண்டர், ரெண்டையும். காஞ்சு கெடந்தா எண்ணெ வரல. ஈரமா இருந்தா எண்ணெ வருது, ஒண்ணு ஓவரா வந்திருக்கு, இல்லன்னா ஸ்பார்க் வரல. முகர்ந்தும் பாருங்க, பெட்ரோல் வாசனையா மண்ணெண்ணெய் வாசனையான்னு.

மண்ணெண்ணெய் வாசன வந்தா உங்க பிரச்சன என்னன்னு பெரும்பாலும் அங்கயே தெரிஞ்சுடுச்சு. பெட்ரோல் எவ்ளோ குளிர்லயும் ஆவியாகும், மண்ணெண்ணெய் 35, 40 டிகிரி தாண்டுனாதான் பத்திக்குற அளவுக்கு ஆவி விடும், அதனாலதான் பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் சூடானதும் மாத்துறோம். கரைக்கு வரும்போது திரும்ப பெட்ரோலுக்கு மாத்தி ரெண்டு மூணு நிமிஷம் ஓட விட்டுட்டு நிறுத்தணும், இல்லன்னா கார்புரேட்டர் (எண்ணெயையும் காத்தையும் கலக்குற பாகம்) முழுக்க மண்ணெண்ணெய் நிக்கும், மறுநாள் நீங்க பெட்ரோல் குழாய் வால்வ திறந்தாலும் உள்ள கெடக்குறது பழசுதான். கார்புரேட்டர் அடியில ஒரு ஸ்க்ரூ இருக்கும், அத லூஸ் பண்ணி ஒரு கண்ணாடி கிளாஸ்ல வடிங்க. அடியில முத்து முத்தா தனியா நிக்குதுன்னா தண்ணி. ரெண்டு மாசம் கெடந்ததுன்னா பெட்ரோல் பறந்து போய் அதுல கலந்த ஆயில் மட்டும் பிசுபிசுன்னு தங்கி ஜெட்ட (எண்ணெ போற சின்ன ஓட்டைய) அடச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அப்போ கார்புரேட்டர கழத்திக் கழுவாம வேல ஆகாது. டேங்க்ல கெடக்குற பழைய பெட்ரோலயும் நம்பாதீங்க, இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது ஈரத்த இழுக்கும், புதுசா வாங்கி ஆயில் கலந்து ஊத்துங்க.

ஈரமா இருந்து பெட்ரோல் வாசனயா இருந்தா சோக்க உள்ள தள்ளுங்க, எண்ணெய நிறுத்துங்க, பிளக் இல்லாமலே அஞ்சாறு தடவ இழுத்து உள்ள இருக்குறத வெளிய தள்ளுங்க. சிந்துன பெட்ரோல தொடச்சு, காத்துல ஆற விட்டதுக்கு அப்புறம் பிளக்க அதோட ஒயர் கேப்ல மாட்டி, அதோட இரும்பு பாகம் எஞ்சின்ல நல்லா தொடுற மாதிரி வெச்சு இழுத்துப் பாருங்க. பிளக் ஓட்டைக்குப் பக்கத்துல வெக்காதீங்க, கையாலயும் பிடிக்காதீங்க, சுருக்குனு அடிக்கும். நீலமா பொறி வந்தா நல்லது. வரலன்னா ஒரு புது பிளக் போட்டுப் பாருங்க, அப்பவும் இல்லன்னா ஸ்டாப் சுவிட்ச்ல இருந்து வர்ற ஒயர கழத்திட்டுப் பாருங்க. உப்புத்தண்ணி ஏறி சுவிட்ச் உள்ளயே ஷார்ட் ஆகிக் கெடக்கும், எஞ்சின் நம்மள நிறுத்தச் சொல்றாங்கன்னு நெனச்சு பொறியே விடாது. ஒயர் கழத்துனதும் பொறி வந்தா குத்தவாளி சுவிட்ச்தான். ஆனா அந்த நிலமையில கடலுக்குப் போகாதீங்க, ஆள் விழுந்தா எஞ்சின நிறுத்த வழி இருக்காது. ஒயர் கழத்தியும் பொறி வரலன்னா, பொறிக்கு கரண்ட் குடுக்குற காயில் பக்கம், அது மெக்கானிக் வேல.

கயிறே இழுக்க வரலன்னா கத வேற, புரொப்பெல்லர்ல தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னு பாத்துட்டு விட்டுடுங்க, பலம் காட்டாதீங்க.

ஸ்டார்ட் ஆச்சுன்னா பின்னாடி ஓட்டையில தண்ணி பீய்ச்சுதான்னு பாத்துட்டு அப்புறம் கியர் போடுங்க. ஆகலன்னா பிளக் ஈரமா காஞ்சதான்னு மட்டும் சொல்லுங்க, அங்கேர்ந்து பாப்போம்.