களஞ்சியத்தில் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: ‘மூன்று ராஜ்ஜியங்கள்’ என்ற சீன நாவலில் தந்திரத்தில் பெரிய கில்லாடி யார்? ஆலோசகன் ஜுகே லியாங் என்கிறேன் நான். தம்பி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

பதில்: நான் தம்பி கட்சி. என் ஓட்டு படைத்தலைவன் சாவ் சாவுக்கு. ஜுகே லியாங் பூஜை போட்டுக் காற்றையே திருப்புகிறான். அது மந்திரம், தந்திரத்தில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. முப்பதாவது அத்தியாயத்துக்குப் போங்கள். கி.பி. 200, குவான்து போர்க்களம். எதிரே, போட்டித் தலைவன் யுவான் ஷாவின் பெரும்படை. சாவ் சாவிடம் ஆளும் குறைவு, சோறும் குறைவு. யுவான் ஷாவோடு கோபித்துக்கொண்டு அவனுடைய ஆலோசகன் ஷூ யோ ராத்திரியில் இந்தப் பக்கம் ஓடி வருகிறான். சாவ் சாவின் பால்ய சிநேகிதன். சாவ் சாவ் வெறுங்காலோடு ஓடிப் போய் வரவேற்கிறான்.

தானியம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறான் ஷூ யோ. ஒரு வருஷத்துக்கு வரும் என்கிறான் சாவ் சாவ். இருக்காதே என்றதும் ஆறு மாதம் ஆகிறது. ஷூ யோ எழுந்து வெளியே நடக்க, இழுத்து நிறுத்தி மூன்று மாதம் என்கிறான். அதற்கும் அவன் சிரிக்க, காதோடு காதாக, இந்த மாதத்துக்கு மட்டும்தான் என்கிறான். அதுவும் பொய்! ஒன்றுமே இல்லை என்று ஷூ யோ சத்தமாகச் சொல்லிவிட்டு ஒரு கடிதத்தை நீட்டுகிறான். தலைநகருக்குத் தானியம் கேட்டு சாவ் சாவ் எழுதி, வழியில் பிடிபட்ட கடிதம். விடையைக் கையில் வைத்துக்கொண்டேதான் இவ்வளவு நேரம் கேட்டிருக்கிறான்.

எனக்குப் பிடித்தது அடுத்த நிமிஷம். மாட்டிக்கொண்டோமே என்ற கூச்சம் சாவ் சாவுக்குத் துளியும் கிடையாது. சரி, இப்போது என்ன செய்யலாம் என்று அவனிடமே கேட்கிறான். ஊச்சாவில் இருக்கும் யுவான் ஷாவின் களஞ்சியத்தைக் கொளுத்து என்று யோசனை வருகிறது. எதிரியின் கொடியைப் பிடித்துக்கொண்டு ஐயாயிரம் பேரோடு தானே போய்க் கொளுத்துகிறான். ஜெயித்த பிறகு, தன் ஆட்களே யுவான் ஷாவுக்கு ரகசியமாக எழுதிய கடிதங்கள் கட்டாகச் சிக்குகின்றன. பெயர் பார்த்துத் தலையை வாங்கச் சொல்கிறார்கள். படிக்காமல் எரித்துவிடுகிறான். யுவான் ஷாவ் பலமாக இருந்தபோது எனக்கே நம்பிக்கை இல்லை, இவர்களை என்ன சொல்ல என்பது அவன் நியாயம். அன்றைக்கு எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்! தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் சாவ் சாவ் நல்லவன்தானா?

பதில்: அவசரப்படாதீர்கள். பதினேழாவது அத்தியாயத்தில் முற்றுகை நீண்டு தானியம் தட்டுப்படுகிறது. சின்னப் படியால் அளந்து போடச் சொல்கிறான். வீரர்கள் முணுமுணுத்ததும், அளந்த அதிகாரி வாங் ஹோவைக் கூப்பிட்டு, உன் தலையைக் கொஞ்சம் கடன் கொடு, குடும்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். திருட்டுப் பட்டம் கட்டி அந்தத் தலையைக் கம்பத்தில் தொங்கவிடுகிறான். அதே அத்தியாயத்தில், கோதுமை வயலை மிதித்தால் மரண தண்டனை என்று அறிவித்திருக்கும்போது இவன் குதிரையே மிரண்டு வயலில் இறங்கிவிடுகிறது. இவன் வெட்டிக்கொண்டது தலைமயிரை.

கேள்வி: வைக்கோல் படகுகளை அனுப்பி எதிரியிடமே ஒரு லட்சம் அம்பு வாங்கியது நிஜமா?

பதில்: நாவலில் 208-இல் சாவ் சாவை எதிர்த்து நடந்த செம்பாறைப் போருக்கு முன், மூடுபனியில், இருபது படகுகளோடு ஜுகே லியாங் செய்வது அது. வரலாற்றுக் குறிப்பு ஒன்றில் வருவது தெற்கே ஆண்ட சுன் சுவான், காலம் 213. வேவு பார்க்கப் பெரிய படகில் போனவன் மேல் அம்பு மழை. ஒரு பக்கம் அம்பு தைத்துப் படகு சாய, அதைத் திருப்பி மறுபக்கத்திலும் வாங்கிச் சமன் செய்துகொண்டு வந்தானாம். சாயாமல் ஊர் திரும்பியதே லாபம். ஆயிரம் வருஷம் தள்ளி, 14-ஆம் நூற்றாண்டில் லுவோ குவான்ஜோங் எழுதியதாகச் சொல்லப்படும் நாவலில் அது அம்பு வசூலாகிவிட்டது.

கேள்வி: ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். தலை சுற்றுகிறது.

பதில்: எனக்கும் சுற்றியது. ஜுகே லியாங்கும் கோங்மிங்கும் இரண்டு பேர் என்று நினைத்து ஐந்தாறு அத்தியாயம் ஓட்டினேன். இரண்டாவது, பெரியவனானதும் வைக்கும் மரியாதைப் பெயர். ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைசியில் ஜெயித்தது யார்?

பதில்: கஞ்சி குடிக்கத் தெரியாத கிழவன். சாவ் சாவின் வம்சம் ஆண்ட வேய் ராஜ்ஜியத்தின் மூத்த தளபதி சீமா யீக்கு எழுபதை ஒட்டிய வயது. அதிகாரம், பேரரசர் பெயரில் ஆண்ட சாவ் ஷுவாங் கையில். இவன் நிலைமையைப் பார்த்துவர ஆள் அனுப்புகிறான் சாவ் ஷுவாங். ஜிங் மாகாணம் போகிறேன் என்று வந்தவன் சொன்னால், பிங் மாகாணமா என்கிறான் சீமா யீ. குடித்த கஞ்சி மார்பெல்லாம் வழிகிறது. ஆள் முடிந்தான் என்று தகவல் போகிறது. 249-இல் சாவ் ஷுவாங் பேரரசரோடு கல்லறை வழிபாட்டுக்கு நகரத்தை விட்டுப் போக, கிழவன் நடிப்பை விட்டு எழுந்து கோட்டைக் கதவைச் சாத்துகிறான். அவனுடைய பேரன்தான் பின்னால் ஜின் வம்சத்தின் முதல் பேரரசர். 280-இல் மூன்று ராஜ்ஜியமும் ஒன்றானது அவன் கீழ். சாவ் ஷுவாங்கோ பதவி போனாலும் பணக்காரனாகக் காலம் தள்ளலாம் என்று வாளைக் கீழே போட்டான். சில நாளில் குடும்பத்தோடு தலை போனது.