பழைய பைக், டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும்: கேள்வி பதில்

ரெண்டு வாரமா நெறைய பேர் கேட்டுட்டீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் போட நேரம் கெடைக்கல, அதான் எல்லாத்தையும் சேத்து இன்னிக்கு ஒக்காந்து டைப் பண்றேன். நான் மெக்கானிக் இல்லீங்க. பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ 11 வருஷம் கெடந்த அப்பாவோட 1984 யெஸ்டி பைக்கை எழுப்பி ஓட வெச்சேன், அதுக்கப்பறம் தெரிஞ்சவங்க வண்டி, அவங்களுக்குத் தெரிஞ்சவங்க வண்டின்னு கை பழகிப்போச்சு. அப்படிக் கத்துக்கிட்டது தான் இதெல்லாம்.

ஸ்ரீராமபுரத்துல இருந்து: அண்ணா, யெஸ்டி 8 வருஷமா நிக்குது. கார்புரேட்டரை மட்டும் கழுவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?

வேணாம் தம்பி. எல்லாரும் முதல்ல பண்ற தப்பு இது தான், நானும் பண்ணேன். கார்புரேட்டரை (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பற பாகம்) பளபளன்னு கழுவி மாட்டுனேன், வண்டியும் ஸ்டார்ட் ஆச்சு, கண்ணுல தண்ணியே வந்துருச்சு, மூணாவது நாள் அடைச்சுக்கிச்சு. திரும்பக் கழுவுனேன், திரும்ப அடைச்சுது. மூணாவது தடவை கார்புரேட்டர் அடியில கிண்ணம் மாதிரி இருக்கற பவுலைக் கழட்டினப்போ உள்ள செங்கல்பொடி மாதிரி செவப்பா ஒரு படிவு, விரல்ல தொட்டா நறநறங்குது. அது அத்தனையும் டேங்க்ல இருந்து எறங்குன துரு. பெட்ரோல் மேலருந்து கீழ வருது இல்லையா, நாமளும் அதே வழியில தான் போகணும். டேங்க், மூடி, பெட்ரோல் காக் (டேங்க் அடியில பெட்ரோலைத் தெறந்து மூடற குழாய்), ஹோஸ், கடைசியா கார்புரேட்டர். இந்த வரிசைய மாத்தாதீங்க.

ஒயிட்ஃபீல்டுல இருந்து: ஃபிளாட்ல நாலாவது மாடி சார், யுட்டிலிட்டியில (துணி தொவைக்கற எடம்) வெச்சு டேங்க் வேலை பண்ணலாமா?

தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நம்ம ஊர் அபார்ட்மெண்ட்ல பாதி யுட்டிலிட்டியில கேஸ் கீசர் மாட்டியிருக்கும், பக்கத்துலயே வாஷிங் மெஷின். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தரையா பரவி அடுத்த ரூம் வரைக்கும் போகும், எங்கயோ ஒரு நெருப்பு, ஒரு ஸ்விட்ச் பொறி போதும். கீழ பார்க்கிங்ல, அதுவும் பேஸ்மெண்ட் இல்லாம தெறந்த எடத்துல பண்ணுங்க. எடுத்த பழைய பெட்ரோலை சாக்கடையில ஊத்தாதீங்க, மூடி உள்ள கேன்ல பிடிச்சு நல்ல ஒர்க்‌ஷாப்ல கேட்டுக் குடுங்க. டேங்க் உள்ள பாக்கறதுக்கு சின்ன எல்இடி டார்ச். லைட்டர் கொளுத்திப் பாக்கறவங்களை நான் கண்ணால பாத்திருக்கேன், அதான் சொல்றேன்.

வில்சன் கார்டன்ல இருந்து: டேங்க் துருவுக்கு டாய்லெட் ஆசிட் ஊத்தலாம்னு ஒருத்தர் சொல்றாரு, வினிகர் போதும்னு இன்னொருத்தர் சொல்றாரு, எது சரி?

டாய்லெட் ஆசிட் வேணாம். துருவோட சேத்து நல்ல தகட்டையும் அரிச்சிடும், அந்தப் புகை பட்டா பக்கத்துல இருக்கற இரும்பெல்லாம் துரு ஏறும், உங்க நுரையீரலுக்கும் ஆகாது. வெள்ளை வினிகர் நல்லா வேலை செய்யும், ஆனா மெதுவா. எனக்குப் பிடிச்சது சிட்ரிக் ஆசிட், லெமன் சால்ட்னு சில மளிகைக்கடையிலயே கெடைக்கும், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 50ல இருந்து 100 கிராம்.

முதல்ல காக், மூடி ரெண்டையும் கழட்டி காக் ஓட்டையை தகடும் ரப்பரும் வெச்சு அடைச்சுக்கங்க. சோப்புத்தண்ணி விட்டு உள்ள இருக்கற எண்ணெய்ப் பசையை எடுங்க, இந்த ஸ்டெப்பை விட்டா ஆசிட் துருவைத் தொடவே தொடாது. அப்பறம் ஒரு கைப்பிடி சின்ன நட்டு போட்டு (எண்ணிப் போடுங்க, வெளிய எடுக்கும்போது எண்ணிக்கை சரியா இருக்கணும்) பத்து நிமிஷம் குலுக்குங்க. நட்டை எடுத்துட்டு கரைசலை விளிம்பு வரைக்கும் ஊத்துங்க, ஏன்னா மேல்பக்கத் தகட்டுலயும் துரு இருக்கும், அது யாருக்கும் கண்ணுல படாது. ஒரு நாள், ரொம்ப மோசமா இருந்தா ரெண்டு நாள், நடுவுல நடுவுல எட்டிப் பாருங்க. ஒரிஜினல் பெயிண்ட்டும் கோடும் இருக்கற டேங்க்னா வாயைச் சுத்தி கிரீஸ் தடவி பழைய துணி சுத்திடுங்க, வழிஞ்சா பெயிண்ட் போச்சு.

இனிமே வர்றது தான் முக்கியம். கரைசலைக் கொட்டினதும் உள்ள சாம்பல் கலர்ல சுத்தமான இரும்பு தெரியும், ஆஹான்னு நீங்க டீ குடிக்கப் போயிட்டு வந்தீங்கன்னா அதுக்குள்ள மஞ்சளா புதுத் துரு பூத்திருக்கும். அதனால எல்லாம் ரெடியா வெச்சுக்கிட்டு தான் கொட்டணும். சமையல் சோடா கரைச்ச தண்ணி ஒரு தடவை, நல்ல தண்ணி ரெண்டு தடவை, உடனே காய வெக்கணும். நல்ல வெயில்னா வெயிலே போதும், மேகமா இருந்தா ஹேர் டிரையர், ஆனா பெட்ரோல் வாசனை துளி கூட வரலன்னா மட்டும். காஞ்ச உடனே டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோல்ல கலக்கற ஆயில்) அரை டம்ளர் ஊத்தி எல்லா மூலையும் நனையற மாதிரி உருட்டுங்க.

கம்மனஹள்ளியில இருந்து: பேட்டரி சார்ஜர் வெச்சு எலக்ட்ரோலிசிஸ், அதாவது தண்ணியில கரண்ட் விட்டு துரு எடுக்கறது, பண்ணலாமா?

தாராளமா, நல்ல முறை அது. தண்ணியில வாஷிங் சோடா, சார்ஜரோட நெகட்டிவ் டேங்க்ல, பாசிட்டிவ் உள்ள தொங்கற சாதா இரும்புக் கம்பியில, கம்பி டேங்க்கை எங்கயும் தொடக்கூடாது. ரெண்டே எச்சரிக்கை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பூன், கம்பி எதுவும் போடாதீங்க, அதுல இருக்கற குரோமியம் விஷமா கரைஞ்சு வரும். அப்பறம் ஹைட்ரஜன் கேஸ் வரும், தெறந்த எடத்துல தான் பண்ணணும், சார்ஜரை ஆஃப் பண்ணிட்டு தான் ஒயரைக் கழட்டணும்.

அதே கம்மனஹள்ளி: டேங்க்ல ஊசிமுனை ஓட்டை ஒண்ணு இருக்கு, எம்சீல் தாங்குமா? உள்ளுக்குள்ள எபாக்சி கோட்டிங் அடிக்கலாமா?

வீடு வரைக்கும் தாங்கும். அதுக்கப்பறம் பெட்ரோல் பட்டுப் பட்டு உரிஞ்சிடும். டேங்க் வேலை தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்து பத்து வெச்சு ஓட்டையை அடைச்சுக்கங்க, வீட்ல கேஸ் டார்ச் பிடிக்கவே கூடாது, காஞ்சு போன டேங்க் கூட வெடிக்கும். உள்ளுக்குள்ள எபாக்சி கோட்டிங் அடிக்கறது பத்தி கேட்டீங்க. நல்ல டேங்க்குக்கு அது தேவையில்லங்கறது என் அபிப்பிராயம். சரியா சுத்தம் பண்ணாம அடிச்ச கோட்டிங் ரெண்டு வருஷத்துல தோல் மாதிரி உரிஞ்சு காக்ல வந்து ஒக்காரும், அதை எடுக்கறது துருவை எடுக்கறதை விட பெரிய பாடு.

பாணஸ்வாடியில இருந்து ஒரு தங்கச்சி: அப்பாவோட சிடி 100, பத்து கிலோமீட்டர் போனா நின்னுடுது, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆகுது. மூணு மெக்கானிக் பாத்துட்டாங்க அண்ணா.

அடுத்த தடவை நின்ன உடனே டேங்க் மூடியைத் தெறந்து பாரும்மா. புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்தா வியாதி அங்க தான். மூடியில சின்னதா ஒரு காத்துத் துவாரம் இருக்கும், அது அழுக்குல அடைச்சா பெட்ரோல் எறங்க எறங்க உள்ள வெற்றிடம் ஆகி கீழ வர்றது நின்னுடும், கொஞ்ச நேரத்துல எங்கயாவது காத்து கசிஞ்சு திரும்ப ஓடும். மூடியை பெட்ரோல்ல ஊற வெச்சு காத்தடிச்சா போதும். அப்பா வண்டிய விக்காம வெச்சிருக்கறதுக்கே உனக்கு ஒரு நன்றி.

சிவாஜிநகர்ல இருந்து: பெட்ரோல் காக்கை மூடினாலும் சொட்டுது. ரிசர்வ்ல போட்டா தான் ஓடுது.

சொட்டறதுக்குக் காரணம் லீவருக்குப் பின்னாடி இருக்கற ஓட்டை போட்ட ரப்பர், அது காஞ்சு வெறச்சிருக்கும், ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜேசி ரோட்டுல தேடுனா கெடைக்கும், பழசைக் கையில எடுத்துட்டுப் போங்க. ரெண்டாவது விஷயம், காக் உள்ள ஒரு குழாய் ஒசரமா நிக்கும், அது மெயின், ரிசர்வ் அடியில இருந்து எடுக்கும். மெயின் குழாய் அடைச்சிருந்தா டேங்க் ரொம்பி இருந்தாலும் ரிசர்வ்ல தான் ஓடும். மாட்டுனப்பறம் ஹோஸை ஒரு பாட்டில்ல விட்டுப் பாருங்க, ரெண்டு பொசிஷன்லயும் தடிமனா ஓடணும், நூல் மாதிரி வந்தா இன்னும் அடைப்பு இருக்கு.

எலக்ட்ரானிக் சிட்டியில இருந்து: இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பழைய வண்டிய கெடுத்துடுமா ப்ரோ? டூ ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ் 100 வெச்சிருக்கேன்.

பயப்படவும் வேணாம், அலட்சியமாவும் இருக்க வேணாம். எத்தனால் தண்ணிய இழுக்கும். வண்டி வாரக்கணக்குல சும்மா நின்னா தண்ணி சேந்து, ஒரு அளவுக்கு மேல போனா தண்ணியும் எத்தனாலும் தனியா பிரிஞ்சு டேங்க் அடியில போய் நிக்கும், துரு அங்கருந்து தான் ஆரம்பிக்கும். பழைய ரப்பரும் உப்பிப் போகும். அதனால ஹோஸை எத்தனால் தாங்கற வைட்டான் ரப்பர் ரகத்துக்கு மாத்துங்க, ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஃப்ளோட் நீடில் எல்லாம் புதுசு போடுங்க.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல. பெட்ரோல் ஒரு கிலோ எரிய காத்து கிட்டத்தட்ட 14.7 கிலோ வேணும், எத்தனாலுக்கு 9 தான். அப்போ அதே ஜெட்ல (கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடற சின்ன ஓட்டை போட்ட பித்தளைத் துண்டு) இ20 ஓடுனா கலவை லீன் ஆகும், அதாவது காத்து அதிகம், பெட்ரோல் கம்மி, டூ ஸ்ட்ரோக்ல லீன் ஆனா சூடாகி பிஸ்டன் இறுகிப் பிடிச்சுக்கும். நம்ம பெங்களூரு கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கறதால இங்க காத்து மெல்லிசு, சென்னையில ட்யூன் பண்ண வண்டி இங்க வந்தா கொஞ்சம் ரிச்சா, அதாவது பெட்ரோல் அதிகமா, ஓடும். ஒண்ணு இப்படி இழுக்க இன்னொண்ணு அப்படி இழுக்க நமக்குப் பாதி சரியாயிடுது. ஆனா பாதி தான். ஸ்பார்க் பிளக்கை எடுத்துப் பாருங்க, பில்டர் காபிப் பொடி கலர்ல இருந்தா விட்டுடுங்க, வெள்ளையா வெளுத்திருந்தா மெயின் ஜெட் ஒரு சைஸ் பெருசு போடுங்க.

முருகேஷ்பாளையத்துல இருந்து: கார்புரேட்டர் கழட்டுனா ஸ்க்ரூ தலை வழுக்குது. ஜெட்டை எப்படி சுத்தம் பண்றது?

ஜப்பான் டிசைன் கார்புரேட்டர்ல பல ஸ்க்ரூ பாக்க ஸ்டார் மாதிரி இருக்கும், ஆனா ஜேஐஎஸ்னு வேற ரகம், சாதா ஸ்டார் டிரைவர் முழுசா உள்ள ஒக்காராது, அதான் வழுக்குது. ஜேஐஎஸ் டிரைவர் ஒண்ணு வாங்கிடுங்க, வாழ்நாள் பூரா ஒழைக்கும்.

கழட்டும்போது ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போன்ல போட்டோ, ஸ்லைடுல (ஆக்ஸிலேட்டர் திருகுனா மேல ஏறற பாகம்) தொங்கற நீடில்ல கிளிப் எந்தக் காடியில இருக்குன்னு கட்டாயம் எழுதி வையுங்க. ரப்பர், பிளாஸ்டிக் எல்லாத்தையும் எடுத்துட்டு தான் கார்ப் கிளீனர் அடிக்கணும், கண்ணாடி போட்டுக்கங்க, ஒரு பக்க ஓட்டையில அடிச்சா இன்னொரு ஓட்டையில இருந்து நேரா கண்ணுக்கு வரும். நெறைய பேர் விட்டுடறது பைலட் ஜெட், ஸ்டார்ட் ஆகவும் ஐடில்ல ஓடவும் பெட்ரோல் குடுக்கற சின்ன ஜெட். அதை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, நடுவுல ஊசி குத்துன மாதிரி வட்டமா ஒரு வெளிச்சப் புள்ளி தெரியணும், வட்டம் கோணலா இருந்தா இன்னும் பிசின் ஒட்டிட்டு இருக்குன்னு அர்த்தம். ஸ்டீல் கம்பி, ஊசி எதையும் உள்ள விடாதீங்க, பித்தளை மெத்துன்னு இருக்கும், ஓட்டை பெருசாயிடுச்சுன்னா அந்த ஜெட் முடிஞ்சுது. பழைய ஒயர்ல இருந்து ஒரே ஒரு செம்பு இழை உருவி மெதுவா விடுங்க.

இதுக்கெல்லாம் பதிலா புது டூப்ளிகேட் கார்புரேட்டர் வாங்கிடலாமான்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க. பாடி ஒடையாம ஸ்லைடு தேயாம இருந்தா பழசையே காப்பாத்துங்க. கடையில ஒருத்தர் என் பழைய கார்ப்பை வாங்கிக்கிட்டு புதுசு ஒண்ணு தலையில கட்டுனாரு, ஆறு மாசம் ட்யூனே நிக்கல, பழசு திரும்பக் கெடைக்கவும் இல்ல. அந்த வருத்தம் இன்னும் போகல.

கோரமங்களாவுல இருந்து: எல்லாம் மாட்டிட்டேன், கார்புரேட்டர்ல பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகுது.

ஃப்ளோட்டை (பவுல் உள்ள பெட்ரோல்ல மிதக்கற மிதவை) காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள சலசலன்னா ஓட்டை. சந்தேகமா இருந்தா சுடுதண்ணியில அமுக்குங்க, காத்துக் குமிழி வந்தா ஓட்டை தான். ஃப்ளோட் நல்லா இருந்தா அது மேல ஏறும்போது பெட்ரோலை அடைக்கற ஃப்ளோட் நீடில் நுனியைப் பாருங்க, சுத்தி வளையம் மாதிரி தேஞ்சிருந்தா மாத்துங்க. மூணாவது தான் ஃப்ளோட்டோட ஹைட், ஃப்ளோட்ல இருக்கற சின்ன நாக்கை முடி அளவு வளைக்கணும், மேனுவல்ல உள்ள அளவைப் பாத்து. ஓவர்ஃப்ளோவோட காக்கைத் தெறந்து ராத்திரி விட்டுடாதீங்க, புல்லட் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக்ல பெட்ரோல் எறங்கி எஞ்சின் ஆயில்ல கலந்துடும், ஆயில் அளவு பாக்கற ஸ்டிக்கை எடுத்து மோந்து பாத்தா தெரியும்.

ஓசூர்ல இருந்து: சார், நீங்க சொன்னதெல்லாம் பண்ணிட்டேன், சாமுராய் பைக், 40 கிக் அடிச்சும் ஸ்டார்ட் ஆகல.

கால் வலிக்குமே, ஒக்காருங்க. பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காஞ்சிருந்தா பெட்ரோல் இன்னும் வரல, பவுல் அடியில இருக்கற ட்ரெயின் ஸ்க்ரூவைத் தெறந்து பெட்ரோல் வருதான்னு பாருங்க, வந்தா அடைப்பு பைலட் ஜெட்ல, வரலன்னா காக்லயோ ஃப்ளோட் நீடில்லயோ. பிளக் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தா பெட்ரோல் தாராளமா வருது, சோக்கை எறக்கிட்டு காக்கை மூடி, பிளக் இல்லாம பத்து கிக் அடிச்சு உள்ள இருக்கறதை வெளிய தள்ளிட்டு, காஞ்ச பிளக் போட்டு முயற்சி பண்ணுங்க. அப்பவும் வரலன்னா பெட்ரோல் பக்கம் உங்க வேலை முடிஞ்சுது, இனிமே கரண்ட் பக்கம் போங்க. பிளக் கேப், இக்னிஷன் காயில், எர்த் ஒயர், இந்த மூணையும் பாத்துட்டு எழுதுங்க, ஸ்பார்க் என்ன கலர்ல வந்துச்சுன்னும் சேத்து.