ஆழ்கடலில் ஓர் இரவு: தூண்டில் பயணத்துக்கு முன் தீர்க்க வேண்டியவை

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு படகை வாடகைக்கு அமர்த்தி, மாலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் திரும்பும்படி ஆழ்கடலுக்குத் தூண்டில் போடச் செல்கிறோம். எங்களில் யாரும் இரவில் கடலில் தங்கியதில்லை. ஒருவருக்குப் பேருந்துப் பயணமே ஒத்துக்கொள்ளாது. எந்தத் தூண்டில் கம்பும் ரீலும் வாங்கலாம்? வேறு எதில் கவனம் தேவை?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். இத்தகைய பயணங்களுக்கு ஆள் ஏற்றும் படகுகளில், அந்தக் கடலின் ஆழத்துக்கும் நீரோட்டத்துக்கும் பொருந்திய கம்பு, ரீல், நரம்பு (தூண்டில் நூல்), ஈயக்குண்டு ஆகியவை பெரும்பாலும் படகிலேயே இருக்கும். நீங்கள் கொண்டு போக வேண்டியவை கையுறை, வழுக்காத காலணி, நெற்றியில் கட்டும் சிவப்பு விளக்கு, தூண்டில் முள்ளை வெட்டும் குறடு ஆகியவைதாம். நரம்பை எந்தக் காரணத்துக்காகவும் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். பின்னல் நரம்பில் பெரிய மீன் இழுத்தால் அது விரலை எலும்பு வரை அறுத்துவிடும்.

கருவியைவிட முக்கியமானவர் படகை ஓட்டுபவர். முன்பணம் கொடுக்கும் முன் அவரிடம், "எப்படிப்பட்ட வானிலையில் நீங்கள் போக மாட்டீர்கள்?" என்று கேளுங்கள். காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் சொல்லி ஓர் எல்லையைக் குறிப்பிடுபவரை நம்பலாம். எந்தக் கடலானாலும் போவோம் என்று சிரிப்பவரை விட்டுவிடுங்கள். வானிலை காரணமாகப் பயணம் நின்றால் முன்பணம் திரும்ப வரும் அல்லது வேறு நாள் கிடைக்கும் என்பதையும் அப்போதே பேசி முடிப்பது நல்லது, ஏனெனில் விடுப்பு எடுத்து வந்து கரையில் நிற்கும் ஐந்து பேரின் வற்புறுத்தல்தான் பல நேரங்களில் தயங்குகிற படகோட்டியையும் கடலுக்குள் தள்ளுகிறது.

முன்னறிவிப்பில் 1.5 மீட்டர் அலை என்று இருந்தால், அது அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரியே தவிர உச்ச அளவு அல்ல. ஓர் இரவு முழுவதும் கடலில் நின்றால் அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உயர அலை ஒன்று வருவது இயல்பே. உயரத்தோடு அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் பாருங்கள். பத்து வினாடிக்கு ஒருமுறை வரும் அதே 1.5 மீட்டர் அலை படகை மெல்ல ஏற்றி இறக்கும். ஐந்து வினாடிக்கு ஒருமுறை வந்தால் நிற்கவே முடியாது.

கரையிலிருந்து விலகியபின் கைப்பேசியை நம்ப முடியாது. படகுகளும் கரையும் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப் வானொலி, அதில் அவசர அழைப்புக்கான 16-ஆம் அலைவரிசை, 406 மெகாஹெர்ட்சில் செயற்கைக்கோளுக்கு ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் கருவி, ஆளுக்கோர் உயிர்காப்பு உடை ஆகியவற்றைப் புறப்படும் முன்பே கண்ணால் பாருங்கள். போகும் திசை, திரும்பும் நேரம், எந்த நேரத்துக்குப் பின் யாரை அழைக்க வேண்டும் என்ற விவரங்களை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பேருந்தில் குமட்டும் நண்பருக்கு வருவோம். உட்காதின் சமநிலை உறுப்பு ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைச் சொல்வதால்தான் கடல் குமட்டல் வருகிறது. பகலில் அடிவானத்தைப் பார்த்தால் இந்த முரண் தணியும். இரவில் பார்ப்பதற்கு அடிவானமே இராது. அதனால் பகல் பயணத்தில் தப்பித்தவர்கூட இரவில் சாய்ந்துவிடலாம். மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கியபின் விழுங்கிப் பயனில்லை, வாந்தியோடு அதுவும் வெளியேறிவிடும். மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவற்றைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பே உட்கொள்ள வேண்டும். காதின் பின்புறம் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டைக்கு நான்கு மணி நேரமாவது தேவை. இவற்றில் பல தூக்கத்தைக் கொண்டுவரும். கண் நீர் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களுக்குச் சில ஆகாது. ஆகவே மருத்துவரைக் கேட்டு, வேறொரு நாளில் கரையிலேயே ஒருமுறை உட்கொண்டு பார்ப்பது அறிவுடைமை. மாத்திரை எடுப்பவர் மது அருந்தக் கூடாது. என்னைக் கேட்டால் அந்த இரவில் ஐவருமே அருந்தக் கூடாது.

வயிற்றைக் காலியாகவும் வைக்காமல், எண்ணெய்ப் பண்டத்தால் நிரப்பவும் செய்யாமல் சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். குமட்டல் தொடங்கியவரைக் காற்றோட்டமான நடுப்பகுதியில், ஆட்டம் குறைந்த இடத்தில், கண்ணை மூடிப் படுக்க வையுங்கள். இரை வெட்டும் வேலையை அவரிடம் தராதீர்கள். அவர் வாந்தி எடுக்க விளிம்பில் குனியும்போது ஒருவர் அவருடைய உயிர்காப்பு உடையின் பின்பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூடிய அறையில் படுத்திருப்பவருக்குத் தலைவலியும் குழப்பமும் சேர்ந்தால், அதைக் கடல் குமட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். எஞ்சினோ மின்னாக்கியோ வெளியிடும் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கினாலும் இதே அறிகுறிகள்தாம் தோன்றும். உடனே அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, படகோட்டியிடம் சொல்லுங்கள்.

இரவில் ஆள் தவறி விழுவது மீனோடு போராடும்போது மட்டுமல்ல, யாரிடமும் சொல்லாமல் விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கும்போதும் நேரலாம். கழிப்பறை இல்லாவிட்டால் ஒரு வாளியைப் பயன்படுத்துவதில் வெட்கம் வேண்டாம். இருட்டியதிலிருந்து விடியும் வரை உயிர்காப்பு உடையைக் கழற்றாமலிருப்பதும், எப்போதும் இருவராவது விழித்திருப்பதும் மாற்ற முடியாத விதிகள். யாராவது விழுந்துவிட்டால், கூச்சலிட்டு, மிதக்கும் எதையாவது எறிந்து, ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் அவரையே விரலால் சுட்டிக்கொண்டிருக்க வேண்டும். அலைகளுக்கு நடுவே ஒரு தலையைத் தவறவிட்டால் மீண்டும் கண்டுபிடிப்பது அரிது. கப்பல்களையும் கவனியுங்கள்: மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் மூன்று கடல் மைலைப் பத்தே நிமிடத்தில் கடந்துவிடும், நங்கூரமிட்ட படகோ சட்டென்று நகராது.

இனி மீன். விளக்கொளி சிறு உயிரிகளையும், அவற்றைத் தேடிச் சிறு மீன்களையும், அவற்றைத் தின்னக் கணவாயையும் ஈர்க்கும்; நிலவில்லா இரவில் அதன் பயன் கூடுதல். அறுபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல ஏழு மடங்கு என்பதால், அங்கிருந்து இழுத்த கலவா மீனின் காற்றுப்பை உப்பி, கண்கள் பிதுங்கி, இரைப்பை வாய் வழியே வெளியே வந்துவிடும். வேண்டாமென்று மேலேயே வீசினால் அது மிதந்தபடியே செத்துப்போகும்; எடை கட்டி ஆழத்தில் இறக்கி விடுவித்தால்தான் பிழைக்க வாய்ப்புண்டு. எத்தனை மீன் போதும் என்பதை முன்பே பேசிக்கொண்டால் இந்தச் சங்கடம் குறையும்.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே குருதி வடித்து, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்து கூழ் போலிருக்கும் பெட்டியில் அமிழ்த்துங்கள். சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாவால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது, உண்டவருக்கு முகம் சிவந்து தலைவலியும் அரிப்பும் வரும். வெப்பக் கடல்களின் பவளப்பார்களில் பிடிபடும் பெரிய சீலா, கலவா போன்றவற்றில் சிகுவாட்டெரா என்னும் நோயைத் தரும் நச்சும் சேர்ந்திருக்கலாம். அதற்கு மணமோ சுவையோ கிடையாது. ஈரல், குடல், முட்டை, தலை ஆகியவற்றில் மிகுதி. எந்தப் பாரின் பெரிய மீனைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்ல மாட்டார் என்று படகோட்டியிடம் கேளுங்கள்; அவர் சொல்லும் மீனைப் பெட்டிக்குள் போடாதீர்கள்.