கேளுங்கள், சொல்கிறோம்: பூட்டியின் பெயர் எந்தத் தாளில்?

என் பூட்டி, அதாவது அம்மாயியின் அம்மா, தேயிலைக்கு முந்திய காப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து இலங்கை மலைத்தோட்டத்துக்கு வந்தவராம். அவர் கழுத்தில் கோத்திருந்த விக்டோரியா ராணி ரூபாய் எங்களிடம் இருக்கிறது. அதில் 1862 என்று இருப்பதால் அந்த வருடம் வந்திருப்பாரா? கப்பல் பட்டியலில் பெயர் கிடைக்குமா?
*வாசகி, ஹட்டன்*

காசை வைத்து வருடம் சொல்ல வேண்டாம். இந்திய ரூபாயில் 1862 என்ற வருடத்தை மாற்றாமலே 1874 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். ராணியின் பெயருக்குப் பக்கத்தில் 'குயின்' என்று இருந்தால் 1876 வரையிலான காசு, 'எம்பிரஸ்' என்றால் 1877க்குப் பிந்தியது. காசின் வயதுக்கு மேல் அதிலிருந்து எதுவும் தெரியாது. தாய் கழுத்திலிருந்து மகள் கழுத்துக்கு வந்த காசாகவும் இருக்கலாம்.

கப்பல் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குப் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உடம்பு மச்சம் வரை எழுதிப் பதிவு வைத்தார்கள். இலங்கை அந்த ஒப்பந்தக் கூலிச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. தொண்டி, பாம்பன் பக்கம் வள்ளம் ஏறி, மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு, ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணி பின்னால் நடந்து வந்தவர்களுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. அவர்கள் பெயர் இருந்தது கங்காணியின் கடன் கணக்கிலும், பற்றுக்கடனைக் காட்டும் 'துண்டு' என்ற சீட்டிலும்தான். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. கடன் தீர்ந்த சீட்டை யார் பத்திரப்படுத்துவார்கள்?

ஆகவே கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் அம்மாயியின் பிறப்புச் சான்றிதழ். அதில் தாயின் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. பூட்டியின் பெயர் எழுத்தில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அங்கேதான். அடுத்து பூட்டியின் இறப்புப் பதிவு. இலங்கையில் சிவில் பதிவு 1867இல் தொடங்கினாலும் அந்தக் காலத்துத் தோட்டப் பிறப்புகளில் எத்தனையோ பதிவாகவில்லை. பூட்டி 1920களிலோ 30களிலோ இறந்திருந்தால் அந்தப் பதிவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தோட்டம் இருக்கும் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் தேடுதல் விண்ணப்பம் கொடுங்கள். அங்கே புத்தகம் கிழிந்திருந்தால் கொழும்பில் உள்ள மத்திய பதிவறையில் கேளுங்கள். "பூட்டி செத்தபோது அம்மாவுக்கு எத்தனை வயது?" என்று வீட்டில் விசாரித்து, நாலைந்து வருடத்துக்குள் காலத்தைச் சுருக்கிக்கொண்டு போனால் எழுதுவினைஞர் மறுக்காமல் புரட்டுவார்.

தேடுபவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில. அன்றைய பதிவு ஆங்கிலத்தில், பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. மீனாட்சி என்ற பெயர் 'மீனாச்சி', 'மினாட்சி', வெறும் 'மீனா' என்றெல்லாம் வரும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். தோட்டத்துக்கும் இரண்டு பெயர்: நாம் வாயால் சொல்லும் தமிழ்ப் பெயர் ஒன்று, துரைமார் காகிதத்தில் இருக்கும் பெயர் வேறு. பதிவில் இருப்பது இரண்டாவதுதான். வயது நாற்பது, ஐம்பது, அறுபது என்று முழு எண்ணாக நின்றால் அது யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. பத்து வருடம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். 'பெற்றோர் விவாகமானவர்களா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்றிருப்பதைப் பார்த்துப் பலர் தாளை மறைத்துவிடுகிறார்கள். கோயிலில் தாலி கட்டிய கலியாணத்தைப் பதியவில்லை, அவ்வளவுதான்.

பிறப்புச் சான்றிதழில் பாட்டன், பூட்டன் பெயருக்குக் கட்டம் இருக்கிறது. பாட்டிக்கு ஏன் இல்லை?
*வாசகர், பண்டாரவளை*

1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் வழியை மட்டுமே கேட்டது: தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று. கட்டங்கள் அதற்காக வந்தவை. பாட்டியைத் தேட அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவரின் சான்றிதழையும் எடுங்கள். மூத்த பிள்ளை ஒரு தோட்டத்திலும் இளையது இன்னொன்றிலும் பிறந்திருந்தால் குடும்பம் எப்போது இடம் மாறியது என்பதும் தெரிந்துவிடும்.

பழைய செக்ரோல் எதுவும் இல்லை என்று தோட்டத்து ஒபிசில் கைவிரித்துவிட்டார்கள். வேறு வழி?
*வாசகர், புசல்லாவை*

அவர்கள் சொல்வது பொய்யாக இருக்காது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களிலும், 1992இல் தோட்டங்கள் கம்பனி நிர்வாகத்துக்குப் போனபோதும் கை மாறியதில் எத்தனையோ கட்டுகள் தொலைந்தன. செக்ரோல் சம்பளம் போடுவதற்கான புத்தகம். கிடைத்தாலும் பேரும் அரைப் பேரும் (முழு நாள், அரை நாள் வேலைக் கணக்கு) தெரியும், ஊர் தெரியாது.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 1951 ஆகஸ்ட் 5 வரை பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டார்கள். 1946 ஜனவரிக்கு முன்பு, கலியாணமானவர் 7 வருடமும் மற்றவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்காக எழுதி வாங்கிய சத்தியக் கடதாசி, சான்றிதழ் நகல் எல்லாம் மஞ்சள் பூத்து அடியில் கிடக்கும். தாத்தாவின் மனுதானே என்று வைத்துவிடாதீர்கள், பெண்டாட்டி பிள்ளைகள் விபரத்தையும் வாசியுங்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியா போன சொந்தக்காரரிடம் குடும்ப அட்டை இருந்தால் அதன் படமும் கேட்டு வாங்குங்கள்.

பூட்டி வேதக்காரராக (கிறிஸ்தவராக) இருந்தால் ஞானஸ்நானப் புத்தகம் மற்ற எல்லாவற்றையும் விட நம்பகமானது. தேவாலயத்துக்கு எழுதும்போது தோட்டத்தின் பெயரை முன்னால் எழுதுங்கள். பழைய தோட்டப் பெயரும் துரை பெயரும் வேண்டுமானால் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தோட்டங்களையும் துரைமாரையும் பட்டியலிட்ட பெர்குசன் டிரெக்டரியைப் பாருங்கள். துரைக்கு அதில் ஒரு வரி உண்டு, கொழுந்தெடுத்தவளுக்கு இல்லை.

ஊர் 'திருச்சிப் பக்கம்' என்று மட்டும் தெரியும்.
*வாசகி, மாத்தளை*

அன்றைய திருச்சி ஜில்லா பெரிது. முசிறி, குளித்தலை, பெரம்பலூர், உடையார்பாளையம் எல்லாம் அதற்குள். காப்பிக் காலத்தில் நாமக்கல் சேலத்தில். கங்காணி தன் ஊரிலும் பக்கத்து ஊரிலும்தான் ஆள் கட்டினார். ஆகவே உங்கள் பூட்டி வந்த கும்பலின் கங்காணி குடும்பத்தைக் கண்டுபிடித்து, அவர்கள் ஊரைக் கேளுங்கள். குலதெய்வத்தின் பெயரோடு, முதல் முடி எங்கே இறக்கினார்கள் என்றும் கேட்க வேண்டும். கருப்பசாமி ஊருக்கு ஊர் இருப்பார். ஆனால் அவருக்குப் பக்கத்தில் எந்த அம்மன், எந்த ஆற்றங்கரை என்று வயதானவர்கள் சொல்லும் அடையாளம் இரண்டு மூன்று கிராமங்களுக்குள் கொண்டுவந்து விடும். பூட்டி பிறந்த வீட்டின் சாமியும் புகுந்த வீட்டின் சாமியும் வேறு வேறு. எது எது என்று பிரித்து எழுதிக்கொள்ளாவிட்டால், கடைசியில் பூட்டன் ஊரில் போய் நிற்பீர்கள்.