சத்தம் எவ்வளவு?

கேள்வி: யு2 என்ற அயர்லாந்து ராக் குழுவின் ‘ஜோஷுவா ட்ரீ’ ஆல்பத்தை என் மகன் ஓயாமல் போடுகிறான். பக்தி, காதல், நாட்டு நடப்பு எல்லாம் அதில் இருக்கிறதாம். என் காதில் விழுவது சத்தம் மட்டும்தான். ஆசிரியர் என்ன சொல்கிறீர்கள்?
(ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்)

பதில்: சத்தம் என்று என் தாத்தாவிடம் சொல்லியிருந்தால் சட்டைப் பையைத் தடவியிருப்பார். அவர் தமிழில் சத்தம் என்றால் வண்டிக்கூலி. மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றும் முன் “சத்தம் எவ்வளவு?” என்று தொடங்கி, ஆறு பென்ஸ் குறைக்கும்வரை தெருவே கூடும்படி கத்துவார். “அந்தச் சத்தத்தைக் குறைக்க இந்தச் சத்தமா?” என்று பாட்டி உள்ளே இருந்து கேட்பாள்.

காவடி நாளில் முருகனுக்குக் காது மந்தம் என்று முடிவுகட்டி, திசைக்கொன்றாக ஒலிபெருக்கி கட்டும் கோயில் கமிட்டி ஒன்று உண்டு. பெயரை நான் சொல்லமாட்டேன். அவர்களே மைக்கில் சொல்லிவிடுவார்கள். சினிமா மெட்டில் சுவாமியைக் கூப்பிட்டால் பக்தி, கிதாரோடு கூப்பிட்டால் சத்தமா?

உங்கள் மகன் போடும் ஆல்பத்தில் இரண்டாவது பாட்டைக் கேளுங்கள். நம்புகிறேன், ஆனாலும் தேடியது இன்னும் கிடைக்கவில்லை என்கிறான் பாடுகிறவன். கடவுளைக் கண்டுவிட்டதாக மேடையேறி அறிவிக்கிறவர்களைவிட இவன் எனக்கு வேண்டியவன். மூன்றாவது, காதல் பாட்டு: சேர்ந்தும் வாழ முடியவில்லை, பிரிந்தும் வாழ முடியவில்லை. கல்யாணமானவருக்கு இதற்குமேல் நான் என்ன விளக்குவது? இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் தொய்வு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கடைசிப் பாட்டு வேறு. இந்த ஆல்பம் வந்தது 1987 மார்ச்சில். இங்கே தென்னாப்பிரிக்காவில் அப்போது அவசரநிலை. விசாரணை இல்லாமலே ஆளை உள்ளே வைத்த காலம். எங்கள் தெரு அம்மா ஒருவர், பிடித்துக்கொண்டு போன மகனுக்காக வெள்ளிக்கிழமைதோறும் சோற்றுப் பாத்திரத்தைத் துணியில் முடிந்துகொண்டு பஸ் ஏறுவார். சாயங்காலம் அதே முடிச்சோடு திரும்புவார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கமாட்டோம். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளின் தாய்மார், மகன் எங்கே, மகள் எங்கே என்று தலைநகரின் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். கடைசிப் பாட்டு அப்படிப்பட்ட தாய்மாரைப் பற்றியது. தொடங்கும்போது அதில் கேட்கிற சத்தம், மழை. கேசட்டில் முதல்முறை கேட்டபோது வெளியேதான் பெய்கிறது என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

கோயில் கமிட்டியார் வழக்கம்போல மறுப்புக் கடிதம் அனுப்புவார்கள். போனமுறை வந்தது 22 பக்கம். அயர்லாந்துக்காரர்கள் 11 பாட்டில் முடித்துக்கொண்டார்கள், ஐயா.